டிராகன் செத்தாச்சு, அடுத்து எதைத் தேடுவது?

மைன்கிராஃப்ட் என்கிற கணினி விளையாட்டின் முதல் பாதியில் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மரம் வெட்டியதும் கல் தேவைப்படும், கல்லுக்கப்புறம் இரும்பு, இரும்புக்கப்புறம் வைரம், பிறகு நெதர் என்கிற நெருப்புலகம், பிறகு எண்ட் என்கிற கடைசி உலகம், அங்கே எண்டர் டிராகன். டிராகனும் செத்த பிறகுதான் சிக்கல். பெட்டி நிறைய இரும்பு இருக்கும், உடம்பில் வைரக் கவசம் இருக்கும், ஆனால் ஆட்டத்தைத் திறந்து உட்கார்ந்தால் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாது.

அந்த நேரத்தில் கண்ணில் படுபவை சில கிறுக்குத்தனமான பொருள்கள். சுவரில் ஒட்டிக்கொண்டு குண்டு வீசும் ஊதா நிறப் பிராணியின் ஓடு. தூங்காதவர்களைத் தேடி வரும் பறக்கும் பேயின் இறக்கைத் தோல். குட்டி ஆமை பெரிதாகும்போது உதிர்க்கும் செதில். நெதரில் மிதந்து திரியும் வெள்ளைப் பூதத்தின் கண்ணீர். பாதாள நகரத்துப் பெட்டிகளில் கிடக்கும் நீலச் சில்லு. இவற்றை வைத்துக் கோட்டை கட்ட முடியாது, விளக்கு எரிக்க முடியாது. ஒவ்வொன்றும் ஓரிரு செய்முறைக்குத்தான் ஆகும். ஆனால் அந்தச் செய்முறையில் வருகிற பொருள், அதற்குப் பிறகு நாம் ஆடுகிற விதத்தையே மாற்றிவிடலாம். மாற்றாமல் பெட்டியில் தூசி படிந்தும் கிடக்கலாம். எதன் பின்னால் முதலில் போவது என்பதுதான் கேள்வி.

அரிதாகக் கிடைப்பதை வைத்து இதை முடிவு செய்கிறவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரிதான பொருள் பெரும்பாலும் காட்சிக்குத்தான் நன்றாக இருக்கும். நான் பார்ப்பது வேறு: இந்தப் பொருள் கிடைத்தபின் தினமும் செய்கிற எந்த வேலை எனக்கு மிச்சமாகும்? அதைத் தேடிப் போய்ச் செத்தால் எவ்வளவு இழப்பேன்? தீர்ந்தால் மறுபடி உண்டாக்க முடியுமா? இந்த மூன்றையும் கேட்டுப் பார்த்தால் வரிசை தானாகவே தெளிகிறது. கீழே வரும் கணக்குகள் ஜாவா பதிப்புக்கு உரியவை. பெட்ராக் என்கிற மற்றப் பதிப்பில் சில எண்கள் மாறும், ஆனால் முடிவுகள் பெரிதாக மாறாது.

ஷல்கர் ஓடு

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேரில் ஒன்பது பேர் முதலில் போக வேண்டியது இதற்குத்தான். இரண்டு ஓடு, ஒரு பெட்டி, அவ்வளவுதான் செய்முறை. கிடைப்பது ஷல்கர் பாக்ஸ். பார்க்க இன்னொரு பெட்டி மாதிரிதான் இருக்கும். ஆனால் உடைத்து எடுத்தால் உள்ளே இருப்பது சிந்தாது. 27 கட்டங்களும் அப்படியே உள்ளே இருக்க, பாக்ஸ் மட்டும் நம் இன்வென்டரியில் ஒரே ஒரு கட்டத்தில் வந்து உட்காரும். கட்டத்துக்கு 64 என்று வைத்தால், ஒரு பாக்ஸில் 1,728 கல்லைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

இதன் அருமை ஆடும்போதுதான் புரியும். சுரங்கத்துக்குப் போனவர் பாதியில் திரும்பி வருவது எதனால்? பசியால் அல்ல, பயத்தால் அல்ல, பை நிறைந்துவிட்டதால். வீடு கட்டுகிறவர் நாளில் பாதியைப் பெட்டிக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஓடியே கழிக்கிறார். இரண்டு தொல்லையும் ஒரே பொருளில் தீர்கிறது. எண்டர் செஸ்ட்டையும் இதோடு சேர்த்துக்கொண்டால் கணக்கு இன்னும் ருசிக்கும். எண்டர் செஸ்ட்டில் 27 கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு ஷல்கர் பாக்ஸ், ஆக 729 கட்டம். எந்த ஊரில் எந்த எண்டர் செஸ்ட்டைத் திறந்தாலும் அத்தனையும் அங்கே இருக்கும். ஷல்கர் பாக்ஸுக்குள் இன்னொரு ஷல்கர் பாக்ஸை மட்டும் வைக்க முடியாது. வைக்க முடிந்திருந்தால் ஆட்டமே கெட்டுப்போயிருக்கும், அதனால் அது நல்லதுதான்.

இன்னொரு வலுவான காரணம், போகிற இடம். டிராகன் செத்ததும் திறக்கிற சிறு வாசலில் எண்டர் பேர்ல் (எறிந்த இடத்துக்கே நம்மைக் கொண்டுபோகும் முத்து) எறிந்தால் வெளித் தீவுகளுக்குப் போய்ச் சேரலாம். அங்கே எண்ட் நகரங்கள் இருக்கும். ஷல்கர் குடியிருப்பது அங்கேதான். சில நகரங்களுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் ஒரு கப்பலும் நிற்கும், எலிட்ரா என்கிற இறக்கை தொங்குவது அதற்குள்தான். ஒரே பயணத்தில் இறக்கையும் ஓடும் கிடைக்கும்போது, முதலில் வேறு எங்கே போவது?

கிடைக்கும் வாய்ப்பும் மோசமில்லை. ஒரு ஷல்கரைக் கொன்றால் ஓடு விழ பாதிக்குப் பாதி வாய்ப்பு. வாளில் லூட்டிங் III (கொன்றால் கிடைப்பதைக் கூட்டும் மந்திரம்) இருந்தால் அது 68.75 சதவீதமாக ஏறும். பத்து ஷல்கர் என்று வைத்துக்கொண்டால், சாதா வாளுக்குச் சராசரியாக இரண்டு பாக்ஸ், லூட்டிங் வாளுக்கு மூன்று. நகரத்தில் ஒருமுறை கொன்ற ஷல்கர் திரும்ப முளைக்காது என்பதால் லூட்டிங் இல்லாமல் அங்கே போவது வீண் செலவு. ஷல்கரின் குண்டு இன்னொரு ஷல்கர் மேல் பட்டால் புதிதாக ஒன்று பிறக்கும் வசதி 2021-ல் வந்தது. அதை வைத்துப் பண்ணை கட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பொறுமை எல்லாருக்கும் தேவையில்லை. இரண்டு மூன்று நகரம் சுற்றினாலே தனி ஆளுக்குப் போதுமான ஓடு சேர்ந்துவிடும்.

ஆபத்து என்று பார்த்தால் ஷல்கர் குண்டின் அடியைவிட, அது பட்டபின் வருகிற மிதப்புதான். பத்து விநாடி மேலே போய்க்கொண்டே இருப்போம், மிதப்பு நின்றதும் பொத்தென்று விழுவோம். கீழே தரை இருந்தால் கால் முறியும், இல்லாவிட்டால் சாமானோடு பாதாளம்தான். குண்டைக் கேடயத்தால் தடுக்கலாம், வாளால் தட்டியும் உடைக்கலாம். ஒரு வாளி பால் வைத்திருந்தால் குடித்து மிதப்பை நிறுத்தலாம். ஓடு மூடியிருக்கும்போது அம்பு எய்து பயனில்லை, தெறித்துப் போகும். அது எட்டிப் பார்க்கும்வரை காத்திருங்கள்.

ஃபாண்டம் மெம்பிரேன்

எலிட்ரா கிடைத்ததும் அடுத்து எல்லாரும் கேட்பது இதைத்தான், ஏனென்றால் எலிட்ரா கிழியும். அதன் ஆயுள் 432. பறக்கிற ஒவ்வொரு விநாடிக்கும் ஒன்று குறையும். அதாவது ஏழு நிமிஷத்துக்குச் சற்று அதிகம். தேய்மானத்தைக் குறைக்கும் அன்பிரேக்கிங் III மந்திரம் போட்டால் ஏறத்தாழ நான்கு மடங்கு நீளும். நல்ல வேளையாக முழுதாக உடைந்து மறைந்துவிடாது, பறக்க மறுப்பதோடு நின்றுவிடும். மெம்பிரேன் ஒன்று கால் பங்கு ஆயுளைத் திருப்பித் தரும். நான்கு இருந்தால் இறக்கை புதிது.

இதைப் பெறத் தூங்காமல் இருந்தால் போதும். ஆட்டத்துக்குள் மூன்று நாள், நம் கடிகாரத்தில் ஒரு மணி நேரம், படுக்காமல் இருந்துவிட்டு ராத்திரி வெட்டவெளியில் நின்றால் ஃபாண்டம் தானே தேடி வரும். 2017-ல் ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பிராணி அது. வாக்களித்தவர்களை அதற்காக இன்றுவரை திட்டுகிறார்கள். ராத்திரியில் கூரை வேய்கிறவனை வட்டமிட்டு வந்து மோதும் ஒரு ஜந்துவுக்கு வேறென்ன மரியாதை கிடைக்கும்? பக்கத்தில் பூனை இருந்தால் அது 16 பிளாக் தள்ளியே பறக்கும். வேட்டையாடும்போது பூனையை வீட்டுக்குள் விட்டுவிட்டு வாருங்கள்.

மெம்பிரேனுக்குப் போட்டி மெண்டிங் புத்தகம். இந்த ஒப்பீட்டில் மெம்பிரேன் தோற்கிறது. காரணம் பட்டறையில் இருக்கிறது. ஆன்வில் என்கிற பட்டறைக் கல்லில் ஒரு பொருளை ஒவ்வொரு முறை வைக்கும்போதும் அடுத்த முறைக்கான கூடுதல் கட்டணம் 1, 3, 7, 15, 31 என்று ஏறும். மொத்தம் 40 அனுபவ லெவலைத் தொட்டால் ஆன்வில் கையை விரித்துவிடும். நான்கு மெம்பிரேன் வீதம் ஐந்தாறு தடவை பழுது பார்த்தால் அந்த எலிட்ராவை அதற்குமேல் சரிசெய்ய வழியில்லை. மெண்டிங் போட்டுவிட்டால் நாம் சேர்க்கிற அனுபவப் புள்ளி ஒவ்வொன்றும் ஆயுளில் இரண்டைத் திருப்பித் தரும், ஆன்வில் பக்கமே போக வேண்டாம். நூலகக் கிராமத்தானிடம் மெண்டிங் விலைக்குக் கிடைக்கிறது என்றால் மெம்பிரேனுக்காக ராக்கண் விழிக்காதீர்கள்.

ஆனால் ஒரே ஒரு மெம்பிரேனை மட்டும் எண்ட் பயணத்துக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதைக் காய்ச்சினால் மெதுவாக விழவைக்கும் மருந்து மூன்று குப்பி கிடைக்கும், குப்பிக்கு ஒன்றரை நிமிஷம். மேலே சொன்ன ஷல்கர் மிதப்புக்கு இதைவிட நல்ல மாற்று இல்லை. இறகு மாதிரி இறங்கலாம்.

எக்கோ ஷார்டு

இதைப் பற்றி இணையத்தில் காட்டுகிற பரபரப்புக்கும் கையில் வருகிற பயனுக்கும் சம்பந்தமே இல்லை. எட்டு ஷார்டும் ஒரு திசைகாட்டியும் சேர்ந்தால் ரெகவரி காம்பஸ். கடைசியாக நாம் எங்கே செத்தோமோ அந்தப் பக்கம் முள் திரும்பும்.

ஷார்டு கிடைப்பது ஏன்ஷியண்ட் சிட்டி என்கிற பாதாள நகரத்துப் பெட்டிகளில் மட்டும். மூன்றில் ஒரு பெட்டியில்கூட இருக்காது. இருந்தாலும் ஒன்று முதல் மூன்றுதான். வேறெங்கும் விளையாது, வளர்க்க முடியாது. எட்டைச் சேர்க்க ஒரு டஜன் பெட்டிக்கு மேல் திறக்க வேண்டியிருக்கும். அந்த ஊரின் காவல்காரன் வார்டன். உயிர் 500, அதாவது 250 இதயம். கண் தெரியாது, காலடிச் சத்தம் போதும். அலறுகிற பிளாக்குகளை மூன்று முறை கிளப்பினால் எச்சரிக்கை, நான்காவது முறை ஆள் மண்ணைப் பிளந்துகொண்டு வந்து நிற்பான். கொன்றால்தான் என்ன கிடைக்கும்? ஒரு ஸ்கல்க் கேட்டலிஸ்ட். அதனால் அவனோடு சண்டை போடுவதில் பொருளே இல்லை. கம்பளி விரித்து, குனிந்து நடந்து, பெட்டியைத் திறந்துகொண்டு வெளியே வருவதுதான் ஒரே வழி.

இவ்வளவு பட்டுச் செய்த காம்பஸில் இரண்டு ஓட்டை. செத்த இடத்தில் சிதறிய சாமான், அந்தப் பகுதி இயங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஐந்து நிமிஷம்தான் கிடக்கும், அப்புறம் மறைந்துவிடும். எரிமலைக் குழம்பில் விழுந்து செத்திருந்தால் முள் காட்டும் இடத்தில் சாம்பல்கூட இருக்காது. இரண்டாவது ஓட்டை இன்னும் வேடிக்கை. காம்பஸைக் கையில் வைத்துக்கொண்டே செத்தால் அதுவும் மற்ற சாமானோடு அங்கேயே விழும்! அதைக் கட்டில் பக்கத்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வெளியே கிளம்ப வேண்டும். அப்படிக் கிளம்புகிற அளவு முன்யோசனை உள்ளவர், போகிற இடத்தின் ஆயத்தொலைவை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு போகலாமே. ஜாவாவில் எஃப்3 அழுத்தினால் எண் தெரிகிறது, பெட்ராக்கில் உலகத்தைத் தொடங்கும்போதே அதைக் காட்டச் சொல்லிவிடலாம்.

ஒரு இடத்தில் மட்டும் என் மனம் இளகுகிறது. நாலைந்து பேர் சேர்ந்து ஆடுகிற உலகம் என்றால் பொதுப் பெட்டியில் ஒரே ஒரு காம்பஸ் இருந்தால் போதும். யார் கையில் எடுக்கிறார்களோ அவர்கள் செத்த இடத்தைத்தான் அது காட்டும். அந்தக் கூட்டத்தில் தினம் இரண்டு தடவை எங்கே செத்தோம் என்றே தெரியாமல் அழுகிற சின்னப் பிள்ளை ஒன்று இருந்தால், எட்டு ஷார்டும் தகும்.

மற்றபடி பாதாள நகரத்துக்குப் போக நல்ல காரணம் வேறு இருக்கிறது. ஸ்விஃப்ட் ஸ்னீக் புத்தகம் அந்தப் பெட்டிகளில் மட்டுமே கிடைக்கும். குனிந்தபடியே வேகமாக நடக்க வைக்கும் அந்த மந்திரம், பாலம் கட்டுகிறவர்களுக்குத் தினமும் பயன்படும். அதைத் தேடிப் போங்கள், ஷார்டு கிடைத்தால் கூடவே அள்ளிக்கொண்டு வாருங்கள்.

ஹெவி கோர்

2024 ஜூனில் வந்த 1.21 பதிப்பு இதைக் கொண்டுவந்தது. ஒரு ஹெவி கோர், ஒரு பிரீஸ் ராட், இரண்டும் சேர்ந்தால் மேஸ் என்கிற கதாயுதம். மைன்கிராஃப்டில் இதுவரை வந்த ஆயுதங்களிலேயே இதுதான் அதிகச் சிரிப்பைத் தருவது. நின்ற இடத்தில் அடித்தால் சாதாரண அடிதான். உயரத்திலிருந்து குதித்துக்கொண்டே அடித்தால் உயரத்துக்கு ஏற்ப அடி கூடும். முதல் மூன்று பிளாக்குக்கு நான்கு நான்காக, அடுத்த ஐந்துக்கு இரண்டு இரண்டாக, அதற்குமேல் ஒன்றொன்றாக. முப்பது பிளாக் உயரத்திலிருந்து ஸோம்பி தலையில் இறங்கினால் அடி 50. ஸோம்பியின் மொத்த உயிரே 20தான். அடி சரியாகப் பட்டால் விழுந்ததற்கான காயம் நமக்கு இல்லை. தவறவிட்டால் ஸோம்பிக்குப் பதில் நாம்.

பிரீஸ் ராட் எளிது. டிரையல் சேம்பர் என்கிற நிலத்தடிச் சவால் கூடத்தில் துள்ளித் திரிகிற காற்றுப் பிராணி பிரீஸைக் கொன்றால் கிடைக்கும். மீந்த ராடில் விண்ட் சார்ஜ் செய்யலாம், ஒன்றுக்கு நான்கு. காலடியில் எறிந்தால் மேலே தூக்கிவிடும், மேஸுக்கு வேண்டிய உயரம் அங்கேயே கிடைத்துவிடும்.

ஹெவி கோர்தான் லாட்டரி. அது கிடைப்பது அந்தச் சேம்பரில் இருக்கும் ஆமினஸ் வால்ட் என்கிற பூட்டிய பெட்டகத்தில் மட்டும். அதற்குத் தனிச் சாவி வேண்டும். சாவிக்கு ஆமினஸ் பாட்டிலைக் குடித்து, கெட்ட சகுனத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கடினமாக்கப்பட்ட டிரையலை ஜெயிக்க வேண்டும். ஜெயித்தாலும் ஒவ்வொரு முறையும் சாவி வராது. சாவி வந்து வால்ட்டைத் திறந்தாலும் கோர் விழும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. ஒரு வால்ட்டை ஒருவர் ஒரே முறைதான் திறக்கலாம். எல்லாம் திறந்து முடிந்தால் அடுத்த சேம்பரைத் தேடி மறுபடி பூமியைக் குடைய வேண்டும். பத்து வால்ட் திறந்தும் கோர் வராமல் போவது சாதாரணம். முதல் வால்ட்டிலேயே வாங்கிவிட்டதாகச் சொல்லும் ஆள் எல்லா நண்பர் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவரை நம்பி இறங்காதீர்கள்.

தனியாக ஆடுகிறவருக்கு இதைக் கடைசியில் வைப்பேன். சண்டை பிடிக்காதவருக்கு வேண்டவே வேண்டாம். வாளில் அடியைக் கூட்டும் ஷார்ப்னெஸ் V மந்திரம் இருக்கிறவர் மேஸ் இல்லாமலே எல்லா எதிரியையும் சமாளிக்கலாம், மேஸ் தருவது தேவையை அல்ல, கொண்டாட்டத்தைத்தான். ஆனால் கூட்டமாக ஆடினால் கணக்கு மாறும். வால்ட் ஆளுக்கொரு முறை திறக்கும் என்பதால் நாலு பேர் போனால் ஒரே வால்ட்டில் நாலு சீட்டு. சாவி மட்டும் ஆளுக்கொன்று வேண்டும். டிரையலும் கூட்டமாக ஆடினால்தான் சுவை. ஒரு சனிக்கிழமை ராத்திரியை இதற்கென்றே ஒதுக்கலாம், கோர் வராவிட்டாலும் பொழுது வீணாகாது. வந்துவிட்டால் யாருக்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பின்னால் பேசினால் சண்டை வரும்.

நாட்டிலஸ் ஷெல்லும் கடலின் இதயமும்

எட்டு நாட்டிலஸ் ஷெல், நடுவில் ஒரு ஹார்ட் ஆஃப் தி ஸீ, கிடைப்பது காண்டூயிட். தண்ணீருக்கடியில் அதை நட்டு, சுற்றிலும் பிரிஸ்மரைன் என்கிற கடற்கல்லால் சட்டம் கட்டினால், சுற்றுவட்டாரத்தில் நீருக்குள் மூச்சு முட்டாது, கண் தெளிவாகத் தெரியும், தோண்டுவதும் வேகமாகும். சட்டத்துக்குக் குறைந்தது 16 பிளாக், அதற்கு வீச்சு 32. முழுச் சட்டம் 42 பிளாக், வீச்சு 96. முழுச் சட்டம் கட்டினால் பக்கத்தில் வருகிற எதிரிகளையும் அதுவே அடிக்கும்.

தேடுகிற இன்பத்தை மட்டும் பார்த்தால் இந்தப் பட்டியலில் இதற்கே முதலிடம். மூழ்கிய கப்பலில் வரைபடம், வரைபடத்தில் சிவப்புச் சிலுவை, கடற்கரை மணலுக்கடியில் புதையல் பெட்டி, அதற்குள் நிச்சயமாக ஓர் இதயம். கப்பல் தெரியாவிட்டால் டால்ஃபினுக்குப் பச்சை மீன் கொடுத்தால் அது முன்னால் நீந்தி வழி காட்டும். ஷெல்லுக்குத்தான் பொறுமை வேண்டும். ஜாவாவில் நூறு டிரவுண்டில் (நீருக்குள் திரியும் ஸோம்பி) மூன்றின் கையில்தான் இருக்கும். கையில் இருப்பது தெரிந்துவிட்டால் கொன்றதும் நிச்சயம் விழும். தூண்டிலில் எப்போதாவது மாட்டும். அலைந்து திரியும் வியாபாரி சில சமயம் ஐந்து மரகதத்துக்கு ஒன்று விற்பான்.

பயன் என்று கேட்டால், கடலுக்கடியில் வீடு கட்டப் போகிறீர்களா, இல்லையா என்பதில் அடங்கியிருக்கிறது. கட்டுவதானால் காண்டூயிட் இல்லாமல் தொடங்காதீர்கள். கட்டப் போவதில்லை என்றால் மூச்சுக்கு மருந்துக் குப்பியே போதும். இன்னொன்று: பிரிஸ்மரைனுக்குக் கடல் மாளிகைக்குப் போகத்தான் வேண்டும், அங்கே மூன்று எல்டர் கார்டியன்கள் நம் தோண்டும் வேகத்தைக் கெடுத்துவிட்டுக் காத்திருக்கும். அவற்றைக் கொல்வதற்கே காண்டூயிட் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றும்.

இதோடு ஆமைச் செதிலையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து செதிலில் ஒரு ஓட்டுத் தொப்பி. நீருக்குள் போனதும் பத்து விநாடி கூடுதல் மூச்சு. இரண்டு ஆமைக்குக் கடற்புல் கொடுத்து, முட்டையை ஸோம்பி மிதிக்காமல் வேலி போட்டு, குஞ்சு வளரும்வரை காத்திருந்து பெறுவது இது. வைரத் தொப்பியைக் கழற்றிவிட்டு இதைப் போடுகிற அளவுக்கு அந்தப் பத்து விநாடி பெரிதில்லை. ஆமை வளர்க்கப் பிடித்தவர்கள் வளர்க்கட்டும்.

ஆர்மடில்லோ ஸ்க்யூட்

செலவு குறைவு, ஆபத்து இல்லை, பயன் உண்டு. டிராகனைக் கொல்லாதவர்கூடப் போகலாம். சவான்னாவில் உருண்டு திரியும் ஆர்மடில்லோ ஐந்து பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே ஒரு செதிலை உதிர்க்கும். அவசரமென்றால் பிரஷ்ஷால் தேய்க்கலாம். ஒரு பிரஷ் நான்கு செதிலுக்குத் தாங்கும். அதைச் செய்ய ஓர் இறகு, ஒரு செம்புக்கட்டி, ஒரு குச்சி. ஆறு செதிலில் நாய்க்குக் கவசம் ஆகிவிடும். நாய்க்கு விழும் அடியைக் கவசம் வாங்கிக்கொள்ளும், விரிசல் விட்டால் இன்னொரு செதிலால் ஒட்டலாம்.

2023-ல் நண்டு, பென்குவின், ஆர்மடில்லோ மூன்றுக்கும் வாக்கெடுப்பு நடந்தபோது, நண்டின் கொடுக்கு கிடைத்தால் தூரத்தில் பிளாக் வைக்கலாமே என்று கட்டடக்காரர்கள் ஏங்கினார்கள். ஜெயித்தது ஆர்மடில்லோ. எனக்கு வருத்தமில்லை. வளர்த்த நாயைக் குகைக்குக் கூட்டிப்போய்ப் பறிகொடுத்த பிள்ளைகளிடம் கேட்டால் ஏன் என்று சொல்வார்கள். சிறுவர்களோடு ஆடும் வீட்டில் ஷல்கருக்கும் முன்னால் இதை முடித்துவிடலாம், ஒரே சாயந்தர வேலை.

காஸ்ட் டியர்

நெதரில் குழந்தை மாதிரி அழுதுகொண்டு நெருப்புக் குண்டு துப்பும் காஸ்டின் கண்ணீர். முன்பெல்லாம் இது மருந்து காய்ச்சவும், டிராகனை மறுபடி எழுப்பும் எண்ட் கிரிஸ்டலுக்கும்தான் பயன்பட்டது. 2025 ஜூனில் வந்த 1.21.6 பதிப்பு நிலைமையை மாற்றியது. எட்டு கண்ணீரும் நெதரில் கிடைக்கும் மணலான சோல் சாண்ட் ஒன்றும் சேர்ந்தால் உலர்ந்த காஸ்ட். தண்ணீரில் வைத்தால் ஊறி ஊறிக் குட்டியாகும், குட்டி வளர்ந்து ஹாப்பி காஸ்ட் ஆகும். மூன்று தோல், இரண்டு கண்ணாடி, ஒரு கம்பளியில் சேணம் செய்து மாட்டினால் நாலு பேர் ஏறிப் பறக்கலாம்.

காஸ்டின் உயிர் பத்துதான், இரண்டு மூன்று நல்ல அம்பு போதும். கஷ்டம் கண்ணீரைப் பொறுக்குவதில். பூதம் பெரும்பாலும் எரிமலைக் குழம்பு மேலேதான் மிதக்கும், செத்தால் கண்ணீர் குழம்பில் விழுந்து போகும். தூண்டில் போட்டுத் தரை பக்கம் இழுத்துக் கொல்வது பழைய உத்தி, இன்னும் பலிக்கிறது. ஒரு காஸ்டுக்கு ஒன்றோ ஒன்றுமில்லையோதான் விழும் என்பதால் இங்கேயும் லூட்டிங் வாள் கைகொடுக்கும், ஆனால் வாள் எட்டும் தூரத்துக்கு அது வர வேண்டும். எட்டைச் சேர்க்கும் பொறுமை இல்லாதவர்கள் சோல் சாண்ட் பள்ளத்தாக்கில் எலும்புக் கூடுகளுக்குப் பக்கத்தில் தேடினால் உலர்ந்த காஸ்டே நேரடியாகக் கிடைக்கும். அந்த வழியைத்தான் நான் சொல்வேன்.

எலிட்ராவா, ஹாப்பி காஸ்டா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேகம்தான் வேண்டும் என்றால் எலிட்ராவும் ராக்கெட்டும், பேச்சே இல்லை. ஹாப்பி காஸ்ட் ஆடி அசைந்துதான் போகும். ஆனால் அதன் முதுகில் ஏறி நின்றால் அது நகராமல் நிற்கும். கோபுரம் கட்டுகிறவருக்கு அது சாரம். நாற்பது பிளாக் உயரத்தில் சுவர் பூசுகிறவர் மண்ணை அடுக்கி ஏறி, முடிந்ததும் இடித்து இறங்கும் வேலை மிச்சம். விழுந்து சாகிற பயமும் பாதி குறையும். டிராகனைக் கொல்லாதவர்களும் இதைப் பெறலாம் என்பது எலிட்ராவுக்கு இல்லாத வசதி.

ஆகவே தனியாக ஆடுகிறவர் ஒரு மெம்பிரேனோடு எண்டுக்குப் போய் ஷல்கர் ஓடு, அப்புறம் மெண்டிங், அப்புறம் விருப்பம்போல என்று போகலாம். கட்டடப் பைத்தியங்கள் ஷல்கருக்கு அடுத்து ஹாப்பி காஸ்ட். நண்பர் கூட்டம் ஹெவி கோரை விடாதீர்கள். முதல் நகரத்தில் இரண்டே ஓடு விழுந்து ஒரே ஒரு பாக்ஸ்தான் செய்ய முடிந்தது என்றால், அதில் கல்லையும் மண்ணையும் போடாமல் ராக்கெட், சாப்பாடு, எண்டர் பேர்ல், கூடுதல் கட்டில் என்று பயண மூட்டையாக்கி எண்டர் செஸ்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலை மட்டும் எண்டிலும் நெதரிலும் விரிக்காதீர்கள், வெடிக்கும்.